புதிய ஆங்கிலச் சொல்லின் பொருளைக் கற்பது எப்படி? ஒரு நீண்ட விவாதத்தின் மதிப்பீடு

ஆங்கிலம் கற்கும் ஒருவர் தாம் அறியாத சொல்லை எதிர்கொள்ளும்போது அதன் பொருளை எவ்வழியில் பெற வேண்டும்? தாய்மொழியில் நிகரான சொல்லைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்திலேயே விளக்கலாம். பொருளையோ படத்தையோ காட்டலாம். எதுவும் சொல்லாமல், வாக்கியத்தின் போக்கைக் கொண்டு அவரே ஊகிக்கட்டும் என்று விட்டுவிடலாம். இந்த நான்கு வழிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே சரியான வழி என்று வாதிட்டவர்களும் உண்டு. ஒரு தலைமுறை ஆசிரியர்கள் விலக்கி வைத்த முறையை அடுத்த தலைமுறை மீட்டெடுத்ததும் பலமுறை நடந்திருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலும் மொழியியலும் இந்தச் சிக்கலைச் சோதனைகளால் அளக்கத் தொடங்கின. ஆனாலும் விவாதம் முடிந்துவிடவில்லை.

அந்த நிலைப்பாடுகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் வரிசைப்படுத்திப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. இதன் வாதம் ஒன்றே. ஒரு சொல்லின் பொருளை ஒரே தடவையில் கைமாற்றிவிடலாம் என்று எல்லாத் தரப்பினரும் தம்மை அறியாமலே கருதிக்கொண்டதால்தான் விவாதம் இவ்வளவு காலம் நீண்டது. சொல்லறிவு படிப்படியாகத் திரள்வது. அதன் முதற்படிக்கு உதவும் வழி அடுத்த படிக்கு உதவாமல் போகலாம்; தடையாகவும் ஆகலாம். ஆகவே எந்த வழி சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தப் படியில் எந்த வழி, எவருக்கு என்று கேட்பதே பயன் தரும்.

கேள்வியின் வேர்கள்

பெரியவர்கள் ஒரு பொருளைச் சுட்டிப் பெயர் சொல்வதைக் கண்டு குழந்தை மொழியைக் கற்கிறது என்ற சித்திரத்தை ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் புனித அகஸ்டின் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் தீட்டினார். 1658இல் கொமேனியஸ் வெளியிட்ட படநூல் அந்தச் சித்திரத்தைப் பாடநூலாக்கியது: படம், அதன் உறுப்புகளுக்கு எண், எண்ணுக்கு நேரே லத்தீன் சொல்லும் தாய்மொழிச் சொல்லும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லிட்ஸ் பள்ளிகள் தாய்மொழியை வகுப்பிலிருந்தே வெளியேற்றின. பொருளைக் காட்டு, செயலைச் செய்துகாட்டு, அந்த மொழியிலேயே பேசு என்ற ‘நேர்முறை’ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. அதுவரை பள்ளிகளில் கோலோச்சிய இலக்கண-மொழிபெயர்ப்பு முறை, பட்டியலை மனனம் செய்யவைத்ததே தவிரப் பேசக் கற்றுத்தரவில்லை என்ற குற்றச்சாட்டு இதன் பின்னணியில் இருந்தது. அக்குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது.

ஆனால் சுட்டிக்காட்டுதல் அதன் ஆதரவாளர்கள் நினைத்த அளவுக்குத் தெளிவான வழியல்ல. 1953இல் வெளியான விட்கன்ஸ்டைனின் நூல் அகஸ்டினின் சித்திரத்தை எடுத்துக்கொண்டே தொடங்கி, அது மொழியின் ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும் என்று காட்டியது. 1960இல் குவைன் ஒரு கற்பனைச் சூழலை முன்வைத்தார். முயல் ஒன்று ஓடுகிறது. அறியாத மொழிக்காரர் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்கிறார். அது முயலைக் குறிக்கிறதா, முயலின் ஓர் உறுப்பையா, ஓட்டத்தையா? சுட்டு மட்டும் இதைத் தீர்க்காது. வகுப்பறையில் இந்தத் தத்துவச் சிக்கல் எளிய உருவில் வருகிறது. நாற்காலியைக் காட்டிவிடலாம், ‘ஆல்தோ’, ‘பாலிசி’, ‘அஸ்யூம்’ போன்றவற்றை எதைக் காட்டி விளக்குவது? மேலும், ஆசிரியர் தாய்மொழியைத் தவிர்த்தாலும் மாணவர் மனம் அதைத் தவிர்ப்பதில்லை. 1994இல் ஜூடித் கிரோலும் எரிகா ஸ்டூவர்ட்டும் முன்வைத்த மாதிரியின்படி, தொடக்க நிலையில் இரண்டாம் மொழிச் சொல் தாய்மொழிச் சொல்லின் வழியாகவே கருத்தைச் சென்றடைகிறது. தேர்ச்சி வளரும்போதுதான் நேரடி இணைப்பு வலுப்பெறுகிறது. இந்த மாதிரி பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளானது. எனினும் ஒன்றை அது உணர்த்தியது: மொழிபெயர்ப்பைத் தடைசெய்தால் அது மாணவரின் மனதுக்குள், யாரும் சரிபார்க்க முடியாத இடத்தில் நடக்கும்.

தாய்மொழிச் சொல்லே பொருள் என்னும் நிலைப்பாடு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘மீனிங்’ என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். இப்பழக்கத்தைப் பின்தங்கிய கற்பித்தலின் அடையாளமாகப் பயிற்சிக் கல்லூரிகள் நெடுங்காலம் பேசிவந்தன. சோதனைகள் அப்படிச் சொல்லவில்லை. முதல் அறிமுகத்தில் ஒரு சொல்லின் வடிவத்தையும் பொருளையும் பிணைப்பதற்குத் தாய்மொழி நிகர் வேகமான, சிக்கனமான வழி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பீட்டர் பிரின்ஸ் 1996இல் பிரெஞ்சு மாணவர்களிடம் செய்த ஆய்வில், மொழிபெயர்ப்போடு கற்றவர்கள் வாக்கியச் சூழலில் கற்றவர்களைவிடக் கூடுதல் சொற்களை நினைவில் வைத்திருந்தார்கள். பாட்டியா லாஃபரும் நானி கிர்சாயும் இஸ்ரேலிய மாணவர்களிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிகளின் வேறுபாட்டை ஒப்பிட்டு விளக்கி மொழிபெயர்ப்புப் பயிற்சி தந்த குழு, பொருள் நோக்கிய வாசிப்போடு நின்ற குழுவையும் ஒப்பீடின்றிச் சொற்பயிற்சி செய்த குழுவையும் முந்தியது.

இந்த நிலைப்பாட்டின் குறையும் பிரின்ஸின் ஆய்விலேயே தெரிந்தது. மொழிபெயர்ப்பால் நிறையச் சொற்களைப் பெற்ற பின்தங்கிய மாணவர்கள் அவற்றை ஆங்கில வாக்கியத்தில் பயன்படுத்தத் திணறினார்கள். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரு மொழிகள் உலகை ஒரே கோட்டில் வெட்டுவதில்லை. வயலில் நிற்பது நெல், கடையில் வாங்குவது அரிசி, இலையில் விழுவது சோறு. ஆங்கிலத்துக்கு மூன்றும் ‘ரைஸ்’. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. தமிழில் காற்றும் பலத்தது, மழையும் பலத்தது, காயமும் பலத்தது. ஆங்கிலத்திலோ காற்று ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’, காயம் ‘சீரியஸ்’. ‘ஸ்ட்ராங்’ என்பதற்குப் ‘பலத்த’ என்று மட்டும் எழுதிக்கொண்ட மாணவர் தவறாக எதையும் கற்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கே நிற்காது என்பதைக் கற்கவில்லை. நன் ஜியாங் 2000இல் வெளியிட்ட கட்டுரை இந்த அபாயத்தைக் கோட்பாடாக வடித்தது. இரண்டாம் மொழிச் சொல் முதலில் தாய்மொழிச் சொல்லின் பொருளையும் இலக்கண இயல்புகளையும் கடன்வாங்கிக்கொண்டு மனதில் குடியேறுகிறது. போதிய பழக்கம் கிடைத்த பின்பும் பல சொற்கள் அந்தக் கட்டத்திலேயே உறைந்துவிடுகின்றன.

தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் ஏற்கெனவே தமிழ்ப் பேச்சில் இருக்கின்றன. இது பெரிய வசதி. பள்ளிக்கு வருமுன்பே பஸ், டிக்கெட், டாக்டர், ஆபரேஷன் எல்லாம் தெரியும். ஆனால் தமிழுக்குள் வந்த சொல் தமிழின் பொருளை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. தமிழில் ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் வருந்தாதே என்பது பொருள். ஆங்கிலத்தில் அந்த வினை மகிழ்ச்சிக்கும் குளிருக்கும் சந்தேகத்துக்கும்கூடப் பொதுவானது. அறியாத சொல்லைவிட, அறிந்ததாக நினைக்கும் சொல்லே அதிகம் தடுமாறச் செய்யும். தெரியாத சொல்லென்றால் அகராதியைத் திறப்பார். தெரிந்ததென்று நம்பிவிட்டால் திறக்கமாட்டார்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே விளக்குதல்

மூன்றாவது நிலைப்பாட்டின் வரலாற்றில் வங்காளத்துக்கு ஓர் இடம் உண்டு. இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்குப் பேச்சைவிட வாசிப்பே முதல் தேவை என்று 1926இல் வெளியான தம் ஆய்வறிக்கையில் வாதிட்டார். புதிய சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் குவிவதுதான் வாசிப்பைக் கொல்கிறது என்பது அவர் கண்டது. புதுச் சொற்களைக் குறைத்து, வந்த சொற்களைத் திரும்பத் திரும்ப வரவைத்து அவர் எழுதிய வாசிப்பு நூல்கள் பல நாடுகளில் பரவின. 1935இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 பதிவுகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் அவர் செப்பனிட்டு வெளியிட்ட, ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியல் இன்றும் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு தொடக்கப் புள்ளி. டோக்கியோவில் 1942இல் ஏ. எஸ். ஹார்ன்பியும் உடன் ஆசிரியர்களும் உருவாக்கிய அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 1948இல் உலகுக்குக் கொண்டுவந்தது. 1978இல் லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுக்குள் விளக்கங்களை அடக்கியது. 1987இல் ஜான் சின்க்ளேரின் வழிகாட்டலில் வந்த கோபில்ட் அகராதி, மக்கள் உண்மையில் எழுதியும் பேசியும் வந்த ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, ஒவ்வொரு பொருளையும் முழு வாக்கியமாக விளக்கியது.

இந்த மரபின் சாதனை மறுக்க முடியாதது. சொல் எதனுடன் சேரும், எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்பதை இருமொழி அகராதிகள் கவனியாதிருந்த காலத்தில் இவை கவனித்தன. ஆனால் இவற்றுக்கு ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு: விளக்கத்தில் உள்ள இரண்டாயிரம் சொற்களும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவருக்கும் விளக்கம் கைகொடுக்கும் என்ற உறுதி இல்லை. ஜார்ஜ் மில்லரும் பட்ரீஷியா கில்டியாவும் 1987இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கச் சிறுவர்கள் அகராதி விளக்கத்தைப் படித்துவிட்டு எழுதிய விந்தையான வாக்கியங்களைத் தொகுத்திருந்தனர். அரித்தெடுத்தலைக் குறிக்கும் ‘இரோட்’ என்ற வினைக்கு அகராதி ‘ஈட் அவுட்’ என்று விளக்கம் தர, ஒரு குழந்தை அதை வெளியே போய்ச் சாப்பிடுவதாக எடுத்துக்கொண்டு தன் குடும்பம் அடிக்கடி அப்படிச் செய்வதாக எழுதியது. விளக்கத்திலிருந்து தனக்குப் பரிச்சயமான ஒரு துண்டை மட்டும் பற்றிக்கொள்வது கற்பவரின் இயல்பு. தாய்மொழியிலேயே அப்படியென்றால், இரண்டாம் மொழியில் கேட்க வேண்டியதில்லை.

இரு மரபுகளையும் இணைத்த மூன்றாவது வடிவம் தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு பழக்கமானது. லிஃப்கோவின் ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி தலைச்சொல்லுக்கு ஆங்கில விளக்கத்தையும் தமிழ் நிகரையும் அருகருகே தருகிறது. இத்தகைய இருநிலை அகராதிகளை லாஃபரும் ஹடாரும் 1997இல் ஒருமொழி, இருமொழி அகராதிகளோடு ஒப்பிட்டபோது, மொத்தத்தில் இருநிலை வடிவமே கூடுதல் பயன் தந்தது. கோட்பாட்டுச் சண்டையில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்காத இடத்தில் பதிப்பகங்களும் வாசகர்களும் நடைமுறையில் ஒரு சமரசத்தைக் கண்டுகொண்டிருந்தார்கள்.

வாசிப்பே போதும் என்னும் நிலைப்பாடு

தாய்மொழியில் எவரும் பட்டியல் மனனம் செய்து பல்லாயிரம் சொற்களைக் கற்பதில்லை; வாசிப்பிலும் பேச்சிலும் தாமே வந்து சேருகின்றன. வில்லியம் நேகியும் உடன் ஆய்வாளர்களும் 1980களில் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் அளந்தபோது, ஒரு புதுச் சொல்லை ஒருமுறை வாசிப்பில் சந்திப்பதால் அதன் பொருள் பிடிபடும் வாய்ப்பு மிகச் சிறியதாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டு ஆய்வு அதை நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் மதிப்பிட்டது. ஆனால் ஆண்டுக்குப் பல லட்சம் சொற்களை வாசிக்கும் குழந்தைக்கு அந்தச் சிறு வாய்ப்பும் பெருகிவிடும். இதே தர்க்கத்தை ஸ்டீபன் கிராஷென் இரண்டாம் மொழிக்கு நீட்டினார். புரியக்கூடிய உள்ளீடு போதிய அளவு கிடைத்தால் சொற்கள் தாமே வந்துசேரும். உணர்ந்து மனனம் செய்தது வேறொரு அறையில் தங்கிவிடும், சரளமான மொழியாக மாறாது என்பது 1980களில் அவர் எடுத்த நிலை.

இதற்கு ஆதரவாக எப்போதும் சுட்டப்படுவது 1978இல் சராகி, நேஷன், மெய்ஸ்டர் ஆகியோர் செய்த ஆய்வு. ஆன்டனி பர்ஜெஸ் தம் நாவல் ஒன்றில் ரஷ்ய வேர்களைக் கொண்டு புனைந்த இளைஞர் கொச்சைச் சொற்களை, முன்னறிவிப்பின்றி நாவலை வாசித்தவர்கள் பெரும்பாலும் சரியாகவே அடையாளம் கண்டார்கள். ஆனால் அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். புனைந்த சொற்களைச் சுற்றியிருந்த எல்லாச் சொற்களும் அவர்களுக்குத் தெரியும். அந்த வசதி இல்லாதவர்களிடம் நிலைமை மாறியது. 1998இல் மார்லிஸ் ஹோர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் ஓமான் மாணவர்களுக்குத் தாமஸ் ஹார்டியின் நாவலொன்றின் எளிமைப்படுத்திய பதிப்பு முழுவதையும் வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். புதுச் சொற்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் பிடிபட்டது. ராப் வேரிங்கும் மிசாகோ தகாகியும் 2003இல் ஜப்பானிய மாணவர்களிடம் ஒரு படிநிலை வாசிப்பு நூலைக் கொடுத்து 25 புதுச் சொற்களைச் சோதித்தபோது, மூன்று மாதம் கழித்துப் பொருளைத் தாமே சொல்ல முடிந்தது சராசரியாக ஏறத்தாழ ஒரு சொல்லுக்குத்தான்.

ஊகமும் நம்பத்தக்க கருவியல்ல. 1984இல் பென்சூசானும் லாஃபரும் ஒரு பல்கலைக்கழகப் பனுவலில் 70 சொற்களை ஆராய்ந்தபோது, சூழல் தெளிவான துப்புத் தந்தது 13 சொற்களுக்கு மட்டுமே. ஊகம் பலிக்க வேண்டுமானால் சுற்றியுள்ள சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை? ஹூவும் நேஷனும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, உதவியின்றி ஒரு கதையைப் போதிய அளவு புரிந்துகொள்ள அதில் வரும் சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருப்பது தேவை. அதாவது ஐம்பதுக்கு ஒன்று மட்டுமே புதிது. எளிமைப்படுத்தாத நாவலோ நாளிதழோ அந்த அளவுக்குப் புரிய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும் என்று பால் நேஷன் 2006இல் மதிப்பிட்டார். வாசிப்பால் சொல் வளரும் என்பது உண்மை. ஆனால் வாசிக்கத் தொடங்கவே சொல் வேண்டும். இந்தச் சுழலில் சிக்கிக்கொள்வது வீட்டில் ஆங்கிலப் புத்தகமோ ஆங்கிலப் பேச்சோ இல்லாத மாணவர்தான். வாசிப்புக் கோட்பாடு பெரிதும் உதவுவது ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவர்களுக்கு.

நினைவின் பக்கமிருந்து ஒரு பதில்

பொருளை எந்த மொழியில் தருவது என்று கற்பித்தல் அறிஞர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, பொருள் எப்படித் தங்குகிறது என்ற கேள்வியை நினைவாற்றல் ஆய்வாளர்கள் தனியே தொடர்ந்தார்கள். எர்மன் எப்பிங்ஹாஸ் 1885இல் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து மறதியின் வேகத்தை அளந்தார். ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இடைவெளிவிட்டுப் படிப்பது நிலைக்கும் என்பதை அவருக்குப் பின்வந்த நூற்றுக்கணக்கான சோதனைகள் உறுதிசெய்தன. ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தினர் மூவரும் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வு அரியது. வேற்றுமொழிச் சொற்கள் 300ஐ வெவ்வேறு இடைவெளிகளில் கற்று ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். 56 நாள் இடைவெளியில் 13 அமர்வுகள் தந்த பலன், 14 நாள் இடைவெளியில் 26 அமர்வுகள் தந்த பலனுக்கு ஈடாக இருந்தது. உழைப்பு பாதி, விளைவு சமம்.

மற்றொரு முடிவு வகுப்பறைப் பழக்கத்தை இன்னும் நேரடியாகத் தொடுகிறது. கார்பிக்கும் ரோடிகரும் 2008இல் அமெரிக்க மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் தொடர்ந்து சோதித்த குழுக்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தன. சரியாகச் சொன்ன சொல்லைச் சோதனையிலிருந்து விலக்கிய குழுக்கள், அதைத் தொடர்ந்து படித்தவர்கள் உட்பட, ஏறத்தாழ 35 விழுக்காட்டோடு நின்றன. பொருளைப் பார்ப்பதால் அல்ல, பொருளை மறைத்துவிட்டு நினைவிலிருந்து மீட்பதால்தான் சொல் தங்குகிறது. நோட்டில் எழுதிய சொல்-பொருள் பட்டியலை மடித்துவைத்து ஒரு பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் பழைய வீட்டுப் பழக்கம் அறிவியல் துணையோடு நிற்கிறது. பட்டியலைப் பத்துமுறை எழுதவைக்கும் தண்டனைக்கு அந்தத் துணை இல்லை.

சொல்லின் ஒலியோடு இணையும் தாய்மொழிச் சொல்லொன்றைப் பிடித்து மனப்படம் அமைக்கும் துணைச்சொல் முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அட்கின்சனும் ராவும் 1975இல் 120 ரஷ்யச் சொற்களை இம்முறையில் கற்பித்தபோது, இறுதித் தேர்வில் இம்முறைக் குழு 72 விழுக்காடும் மற்றக் குழு 46 விழுக்காடும் பெற்றன. தொடக்க ஊக்கத்துக்கு இது வலுவான முறை. ஆனால் படமாக்க முடியாத அருவச் சொற்களில் இதன் வேகம் குறைகிறது. நீண்டகால நினைவில் இதன் மேன்மை நீடிக்கிறதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

நினைவாய்வு தரும் பதிலுக்கும் எல்லை உண்டு. அது பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற இணைகளை அளக்கிறது. ‘ரன்’ என்ற வினைக்கு ஓடு என்ற பொருளை நூறு நாள் மறக்காமல் இருப்பவர், கடை நடத்துவதற்கும் குழாயில் நீர் வருவதற்கும் தேர்தலில் நிற்பதற்கும் அதே வினை வரும்போது தடுமாறுவார். தங்கியது எவ்வளவு என்று அளக்கும் ஆய்வு, தங்கியது எதுவென்று அளப்பதில்லை.

படிகள் என்று பார்த்தால்

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று மறுப்பதைவிட வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்வதுபோலத் தெரிகின்றன. முதற்படி, ஒரு புது வடிவத்தையும் ஒரு பொருளையும் பிணைப்பது. இதற்குத் தாய்மொழி நிகரும், இடைவெளி விட்ட மீட்டலும் சிக்கனமானவை. இரண்டாம் படி, அந்தப் பொருளின் எல்லைகளைத் திருத்துவது: எங்கே தமிழ்ச் சொல்லோடு ஒன்றுகிறது, எங்கே விலகுகிறது. இதற்கு ஒப்பீட்டு விளக்கமும், நல்ல உதாரணங்கள் உள்ள அகராதியும் தேவை. மூன்றாம் படி, சொல்லின் சுற்றம்: எந்தச் சொற்களோடு சேரும், எந்தத் தொனியில் வரும், யார் யாரிடம் சொல்வார். இதைப் பட்டியலால் கற்பிக்க முடியாது. சொல்லை அது பழகும் கூட்டத்தைக்கொண்டு அறியலாம் என்று ஜே. ஆர். ஃபர்த் 1957இல் வலியுறுத்தியதன் சாரம் இதுவே. அந்தக் கூட்டத்தைக் காண விரிவான வாசிப்பும் கேட்டலும் தவிர வேறு வழி இல்லை. ஸ்டூவர்ட் வெப் 2007இல் கண்டபடி, பத்துச் சந்திப்புகளுக்குப் பிறகும் ஒரு சொல்லின் எல்லாக் கூறுகளும் முழுமையாக அமைந்துவிடுவதில்லை.

இந்தப் பார்வையில், மொழிபெயர்ப்பு ஆதரவாளரின் தவறு முதற்படியோடு பாடம் முடிந்தது என்று கருதுவது. வாசிப்பு ஆதரவாளரின் தவறு முதற்படியே தேவையில்லை என்று கருதுவது. ஒருமொழி அகராதிக்காரரின் தவறு இரண்டாம் படியில் நிற்பவருக்கான கருவியை முதற்படியில் நிற்பவரிடம் கொடுப்பது.

எழக்கூடிய மறுப்புகள்

முதல் மறுப்பு: தாய்மொழியை ஊன்றுகோலாகக் கொடுத்தால் மாணவர் அதை விடமாட்டார், மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார். ஜியாங் காட்டும் உறைதல் இந்த அச்சத்துக்குச் சான்றாகத் தோன்றும். ஆனால் உறைதல் மொழிபெயர்ப்பால் வந்ததா, அதற்குப் பிறகு போதிய சந்திப்புகள் இல்லாததால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். தாய்மொழி பயன்படாத வகுப்பில் கற்றவர்களும் தாய்மொழிப் பொருளையே ஏற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, இரண்டாவது காரணமே வலுவாகத் தெரிகிறது. ‘ஸ்ட்ராங்’ என்பதற்குப் ‘பலத்த’ என்று சொல்லிவிட்டு நிறுத்துவது உறைதலுக்கு இடம்தரும். மழைக்கு அது பொருந்தாது என்று அதே மூச்சில் சொல்வது உறைதலைத் தடுக்கும். குறை தாய்மொழியில் இல்லை, பாதியில் நின்ற விளக்கத்தில் இருக்கிறது.

இரண்டாம் மறுப்பு கிராஷெனுடையது: உணர்ந்து மனனம் செய்த சொல் தேர்வுக்கு உதவலாம், சரளமான மொழிக்கு உதவாது. இதை நேரடியாகச் சோதித்தவர் இரினா எல்கோர்ட். 2011இல் வெளியான அவருடைய ஆய்வில், அட்டைகளைக்கொண்டு மனனம் செய்த புனைசொற்கள், மில்லிவினாடிகளில் நிகழும், கற்பவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சொல்லறிதலிலும் உண்மைச் சொற்களைப் போலவே நடந்துகொண்டன. கற்பவர்கள் தேர்ச்சி மிக்கவர்கள் என்பதால் இதை எல்லோருக்கும் நீட்டிவிட முடியாது. ஆயினும் மனனம் செய்த சொல் தனியறையில் அடைபட்டுக் கிடக்கும் என்ற உறுதியான கூற்றை இது தளர்த்துகிறது.

மூன்றாம் மறுப்பு நடைமுறையிலிருந்து வருவது: தனிச் சொல்லைக் கற்பிக்காமல் பணியைக் கொடுங்கள், சொல் தானே வரும். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உட்படத் தென்னிந்தியப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய திட்டம் இதைத்தான் முயன்றது. ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு போன்றவற்றைத் தீர்க்கும் பணிகளில் மாணவர் மனம் பொருளில் ஈடுபடும்போது மொழி அமையும் என்பது அதன் நம்பிக்கை. அத்திட்டத்தின் அக்கறை முதன்மையாக இலக்கண அமைப்பில் இருந்தது; அதன் மதிப்பீட்டைப் பற்றியும் ஆய்வாளர்கள் பின்னர் கேள்விகள் எழுப்பினார்கள். பணி சொற்களுக்குத் தேவையையும் சூழலையும் உருவாக்குகிறது. ஆனால் எந்தச் சொற்கள் எத்தனைமுறை வரும் என்பதைத் தற்செயலுக்கு விடுகிறது. நினைவாய்வின் வெளிச்சத்தில் அதுவே அதன் பலவீனம்.

எஞ்சி நிற்பவை

சில கேள்விகளுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. கற்ற சொல்லைக்கொண்டு உடனே வாக்கியம் எழுதவைப்பது உதவுமா? லாஃபரும் ஹல்ஸ்டைனும் 2001இல் முன்வைத்த ஈடுபாட்டுக் கோட்பாட்டின்படி, சொல்லைத் தேடவும் மதிப்பிடவும் வைக்கும் எழுத்துப் பணி கூடுதல் பலன் தர வேண்டும். ஜோ பார்க்ராஃப்ட் 2004இல் காட்டியதோ, வடிவமே பதியாத தொடக்கத்தில் வாக்கியம் எழுதவைப்பது கற்றலைக் குறைக்கிறது என்பது. வேறுபாட்டை நேரத்தைக்கொண்டு விளக்கலாம்; வடிவம் பதியும் முன் எழுத்து சுமையாகவும், பதிந்த பின் உரமாகவும் இருக்கக்கூடும். ஆனால் இது இன்னும் கருதுகோள்தான். அதேபோல, பொருள் தொடர்புள்ள சொற்களை, உதாரணமாக எல்லா நிறங்களையும் அல்லது எல்லாக் காய்கறிகளையும், ஒரே பாடத்தில் தருவது அவற்றைக் குழப்பும் என்று தாமஸ் டிங்கம் 1993இல் தொடங்கிய ஆய்வுகள் எச்சரித்தன. ஆனால் பாடநூல்கள் அப்படித்தான் அடுக்குகின்றன. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒருமித்தவையல்ல.

இவற்றைவிட அடிப்படையான இடைவெளி ஒன்று உண்டு. மேலே சுட்டிய ஆய்வுகளில் பெரும்பான்மை பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு, சில வாரங்களுக்குள், ஐரோப்பிய மொழிகளையோ ஜப்பானியம், ஹீப்ரூ போன்றவற்றையோ தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் நடந்தவை. வினைமுற்றுக்குள்ளேயே காலமும் எண்ணும் இடமும் அடங்கிவிடும் தமிழிலிருந்து, சிறு சொற்களைச் சேர்த்துப் பொருள் அமைக்கும் ஆங்கிலத்துக்கு வருபவர் எந்தச் சொற்களில் எப்படித் தடுமாறுகிறார் என்பது தனியே ஆராயப்பட வேண்டியது. தமிழ்ப் பேச்சில் கலந்த ஆங்கிலச் சொற்கள் எந்த அளவுக்கு ஏணி, எந்த அளவுக்குத் தடை என்பதும் அப்படியே. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு, தமிழ் நிகரே பழக்கமில்லாத நூல்வழக்குச் சொல்லாக இருந்தால் மொழிபெயர்ப்பின் சிக்கனம் அவருக்கும் கிடைக்குமா என்பதையும் கேட்டாக வேண்டும். அறியாத ஆங்கிலச் சொல்லுக்கு அறியாத தமிழ்ச் சொல் பொருளாகாது.

இத்தனை ஐயங்களுக்கு நடுவிலும் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. அடிக்கடி வரும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் சொற்களை, தாய்மொழியின் உதவியைக் கூச்சமின்றிப் பயன்படுத்தி, இடைவெளிவிட்டு நினைவிலிருந்து மீட்கும் பயிற்சியோடு நேரடியாகக் கற்பிப்பது நியாயமான தொடக்கம். அதன்பின், அந்தச் சொற்களுக்குள் எழுதப்பட்ட படிநிலை நூல்களை ஏராளமாக வாசிக்கவைக்காவிட்டால் அந்தத் தொடக்கத்தால் பயனில்லை. அகராதி இந்த இரண்டுக்கும் இடையில் நின்று எல்லைகளைத் திருத்த வேண்டும். எந்த ஒரு முறையும் தனித்து நின்று ஒரு சொல்லை முழுமையாகத் தந்ததற்கு இதுவரை சான்று இல்லை. முறைகளை எந்த விகிதத்தில், எந்த வயதில், எத்தகைய மாணவருக்குக் கலப்பது என்பதற்கான சான்று, தமிழ் வகுப்பறைகளிலேயே திரட்டப்பட வேண்டியிருக்கிறது.